படிப்பின் நடுவே பிறநாட்டு அரசுப் பல்கலைக்கழகத்திற்கு மாறும் மாணவருக்கான நிதியுதவி



யாங்கோன் மாநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை இங்கே தொலைநிலைக் கல்வியில் ஓராண்டோ ஈராண்டோ படித்துவிட்டது. இனி இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் அதைத் தொடர முடியுமா? முடியுமென்றால் பணத்துக்கு வழி என்ன?" இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆயினும், அதனுள் அடங்கியுள்ள மூன்று தனித்தனிச் செய்திகளைப் பிரித்தறிந்தால் விடை தெளிவாகும். அவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலாவது, ஏற்கெனவே படித்த ஆண்டுகள் புதிய பல்கலைக்கழகத்தில் கணக்கில் கொள்ளப்படுமா என்பது. இரண்டாவது, கட்டணம் உள்ளூர் மாணவருக்குரிய அளவில் விதிக்கப்படுமா, அயல்நாட்டு மாணவருக்குரிய அளவில் விதிக்கப்படுமா என்பது. மூன்றாவது, உதவித்தொகை பெறத் தகுதி உண்டா என்பது. இம்மூன்றையும் முடிவு செய்யும் அதிகாரம் ஒரே இடத்தில் இல்லை. படித்த ஆண்டுகளை ஏற்பது பல்கலைக்கழகத்தின் முடிவு. கட்டண வகையை முடிவு செய்வது குடியுரிமையும் வசிப்பிடமும். உதவித்தொகையை முடிவு செய்வது அதை வழங்கும் அரசின் விதிமுறை. ஒன்றில் வெற்றி கிடைத்தால் மற்றவையும் தாமே கிடைத்துவிடும் என்று எண்ணிப் பயணச்சீட்டு வாங்கிய குடும்பங்களே பெரும்பாலும் இடர்ப்படுகின்றன.

உள்ளூர்க் கட்டணமும் அயலார் கட்டணமும்

அரசுப் பல்கலைக்கழகம் மக்கள் செலுத்தும் வரிப்பணத்தால் நடைபெறுவது. ஆகவே, அந்த நாட்டில் அல்லது மாநிலத்தில் வசிப்பவரின் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணமும், வெளியிலிருந்து வருவோருக்குக் கூடுதல் கட்டணமும் விதிப்பது பல நாடுகளில் காணப்படும் நடைமுறை. இதனை முழுமையாக விளங்கிக்கொள்ள அமெரிக்காவின் எடுத்துக்காட்டு உதவும். அங்கே 1901ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கப்பட்ட கல்லூரியை முன்னோடியாகக் கொண்டு, ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகள் நாடெங்கும் பெருகின. ஒரு மாணவர் குறைந்த செலவில் முதல் ஈராண்டுகளை அங்கே முடித்துவிட்டு, எஞ்சிய ஈராண்டுகளைப் பல்கலைக்கழகத்தில் தொடரலாம். ஆனால், மாநில எல்லையைத் தாண்டி வேறு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றால் கட்டணம் பன்மடங்கு உயரும்.

இந்த வேறுபாடு நீதிமன்றத்திற்கும் சென்றது. கனெக்டிகட் மாநிலச் சட்டம், விண்ணப்பிக்கும் காலத்தில் வெளிமாநில முகவரி கொண்டிருந்த மாணவரைப் படிப்பு முடியும்வரை வெளியாராகவே கருதியது. அதன்பின் அவர் அம்மாநிலத்திலேயே நிலையாகக் குடியேறியிருந்தாலும், அதை மெய்ப்பிக்க அவருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. 1973இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் விளாண்டிஸ் எதிர் கிளைன் வழக்கில் அச்சட்டப் பிரிவு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு கூறியதையும் கூறாததையும் சேர்த்தே அறிதல் வேண்டும். வெளியாரிடம் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று நீதிமன்றம் கூறவில்லை. தாம் உள்ளூரில் வசிப்பவரே என்பதை மெய்ப்பிக்க மாணவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்றே கூறியது. ஆகவே, வசிப்பிடத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு மாணவரைச் சார்ந்ததாகவே இன்றும் உள்ளது.

அம்மாநிலங்கள் கண்ட மற்றொரு வழியும் குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, உறுப்பு மாநில மாணவர் ஒருவர் மற்றோர் உறுப்பு மாநிலத்தின் பங்கேற்கும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால், உள்ளூர்க் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் செலுத்த வேண்டியதில்லை. யாங்கோனிலிருந்து செல்லும் மாணவருக்கு இச்சலுகையோ, அமெரிக்க நடுவண் அரசின் பெல் உதவித்தொகையோ கிடைக்காது. பெல் உதவி அந்நாட்டுக் குடிமக்களுக்கும், நிரந்தர வசிப்புரிமை பெற்றோர் முதலிய குறிப்பிட்ட சில பிரிவினருக்கும் மட்டுமே உரியது. அங்கே உறவினர் இருப்பது மட்டும் தகுதி ஆகாது.

தமிழ்நாட்டுத் திட்டங்களைப் பற்றிய தவறான எண்ணம்

தமிழ்நாட்டிலுள்ள உறவினர் தொலைபேசியில் கூறும் செய்திகளால் இங்கே ஒரு மயக்கம் பரவியுள்ளது. 2022இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்திலும், 2024இல் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கல்லூரி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. தமிழராக இருந்தால் போதும், இத்தொகை கிடைக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். இத்திட்டங்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்றோரை முன்னிட்டு வகுக்கப்பட்டவை. யாங்கோனில் பள்ளிக் கல்வி முடித்த மாணவர் தமிழை எவ்வளவு செம்மையாகக் கற்றிருந்தாலும் இவற்றின் வரம்புக்குள் வரமாட்டார். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகையும் தமிழ்நாட்டில் வசிப்போருக்கே உரியது.

வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை பற்றியும் இதே எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2021 மார்ச் மாதம் இந்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, அவ்வட்டை உடையோர் கல்வி நிறுவனச் சேர்க்கையில் வெளிநாடுவாழ் இந்தியருக்கு இணையாகக் கருதப்படுகின்றனர். இந்தியக் குடிமக்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு அவர்கள் உரிமை கோர முடியாது. இந்த அறிவிக்கை அது வெளியான நாளுக்குப் பின்னரே செல்லுபடியாகும் என இந்திய உச்சநீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. புதிதாக விண்ணப்பிக்கும் மாணவருக்கு அத்தீர்ப்பால் பயனில்லை. வம்சாவளி என்பது சில உதவித்தொகைகளுக்கு வாயில் திறக்கும். உள்ளூர்க் கட்டணத்திற்கு அது வாயில் திறக்காது.

இந்திய அரசு வழங்கும் உதவித்தொகைகள்

யாங்கோன் தமிழ் மாணவர் கருத்தில் கொள்ளத்தக்க இந்திய உதவித்தொகைகள் இருவகைப்படும்.

முதல்வகை, மியன்மார் நாட்டவர் என்ற தகுதியில் பெறுவது. 1950இல் நிறுவப்பட்ட இந்தியக் கலாச்சார உறவுகள் கழகம் இவ்வகை உதவித்தொகைகளை வழங்குகிறது. 2000ஆம் ஆண்டு வியன்டியானில் உருவான மேகாங்–கங்கை ஒத்துழைப்பு அமைப்பில் மியன்மாரும் உறுப்பு நாடாதலால், அதன் பெயரிலும் இக்கழகத்தின் வாயிலாக இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. இவ்வுதவி பெறுவோரின் கல்விக் கட்டணத்தைக் கழகமே ஏற்கிறது. மாதப்படியாக இளநிலை மாணவருக்கு 18,000 ரூபாயும், முதுநிலை மாணவருக்கு 20,000 ரூபாயும், முனைவர் பட்ட ஆய்வாளருக்கு 22,000 ரூபாயும் வழங்கப்படுவதாக விதிமுறை கூறுகிறது. வீட்டு வாடகைப்படி தனி. விண்ணப்பம் இணையவழியே ஏற்கப்படுகிறது. ஐந்து பல்கலைக்கழகங்கள் வரை விருப்பம் தெரிவிக்கலாம். விண்ணப்பத்திற்குக் கட்டணம் ஏதுமில்லை. இடம் வாங்கித் தருவதாகக் கூறி எவரேனும் பணம் கேட்டால், அவரிடமிருந்து விலகுவதே நன்று.

இரண்டாம் வகை, இந்திய வம்சாவளியினர் என்ற தகுதியில் பெறுவது. புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்கான உதவித்தொகைத் திட்டத்தை இந்திய அரசு 2006–07ஆம் கல்வியாண்டில் 100 இடங்களுடன் தொடங்கியது. பின்னர் அது 150 இடங்களாக உயர்த்தப்பட்டது. இளநிலைப் படிப்புக்கான இத்திட்டத்தில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் முதலியவை அடங்கிய மொத்தச் செலவில் 75 விழுக்காடு, அல்லது ஆண்டுக்கு 4,000 அமெரிக்க டாலர், இவற்றுள் எது குறைவோ அது வழங்கப்படும். பெற்றோர் வருமானத்துக்கும் மாணவர் வயதுக்கும் உச்சவரம்பு உண்டு.

"எது குறைவோ அது" என்னும் சொற்களைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஆண்டுச் செலவு 5,000 டாலர் எனக் கொள்வோம். அதில் 75 விழுக்காடு 3,750 டாலர். உச்சவரம்புக்கு உட்பட்டதாதலால் அத்தொகை முழுவதும் கிடைக்கும். குடும்பம் 1,250 டாலர் செலுத்த வேண்டும். ஆண்டுச் செலவு 6,000 டாலராயின், 75 விழுக்காடு 4,500 டாலர் ஆகும். ஆனால் கிடைப்பது 4,000 டாலரே. குடும்பத்தின் பங்கு 2,000 டாலராக உயர்கிறது. 2022 ஆகஸ்டு மாதம் மியன்மார் மத்திய வங்கி நிர்ணயித்த, டாலர் ஒன்றுக்கு 2,100 கியாட் என்னும் விகிதப்படி இது 42 லட்சம் கியாட். வெளிச்சந்தையில் டாலரின் விலை அதைவிட மிக அதிகமாதலால், உண்மைச் செலவும் அதற்கேற்ப உயரும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம். உதவித்தொகை சதவீதத்தால் மட்டுமே கணிக்கப்படுவதன்று என்பதை உணர்ந்தால், செலவு குறைந்த பல்கலைக்கழகம் சில வேளைகளில் சிறந்த தெரிவாக அமையும்.

பாதியில் மாறுவோர் எதிர்கொள்ளும் தடை

இனி, இவ்வுரையின் மையச் செய்தி. மேலே கூறிய இரு உதவித்தொகைகளும் இளநிலையைப் பொறுத்தவரை முதலாண்டில் சேருவோரையே முன்னிறுத்துகின்றன. இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ நேரடியாகச் சேருவோருக்கென அவற்றில் தனி வழி வகுக்கப்படவில்லை. இந்தியக் கலாச்சார உறவுகள் கழகத்தின் விதிமுறைப்படி, சேர்க்கை உறுதியான பின் பாடத்தையோ கல்லூரியையோ மாற்றிக்கொள்ளவும் இயலாது.

1992இல் நிறுவப்பட்ட யாங்கோன் தொலைநிலைக் கல்விப் பல்கலைக்கழகத்தில் ஈராண்டுகள் பயின்ற ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பகலில் கடையில் வேலை, இரவில் படிப்பு என அவ்விரு ஆண்டுகளையும் அவள் கடந்திருக்கலாம். அவளுக்கு முன் மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, உதவித்தொகையுடன் முதலாண்டிலிருந்து மீண்டும் தொடங்குதல். இதில் பணம் மிஞ்சும், ஈராண்டு கழியும். இரண்டு, படித்த ஆண்டுகளை ஏற்கும் பல்கலைக்கழகத்தைத் தேடி இடையாண்டில் சேருதல். இதில் காலம் மிஞ்சும். உதவித்தொகை பெரும்பாலும் கிடைக்காது. மூன்று, இங்கேயே பட்டத்தை முடித்துவிட்டு, முதுநிலைக்கு உதவித்தொகை கோருதல். இதில் ஏற்கெனவே செலவிட்ட காலமும் வீணாகாது, முதுநிலை மாதப்படியும் கூடுதல்.

மூன்றாம் வழி எல்லாவற்றினும் நன்றாகத் தோன்றும். அதில் ஒரு மறைந்த பள்ளம் உண்டு. தொலைநிலை வழியில் பெற்ற பட்டத்தை எல்லாப் பல்கலைக்கழகங்களும் முதுநிலைச் சேர்க்கைக்கு ஏற்பதில்லை. அயல்நாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தகுதி வழங்குவது குறித்து இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஏப்ரலில் புதிய ஒழுங்குவிதிகளை வெளியிட்டுள்ளது. ஆகவே, பட்டத்தின் கடைசி ஆண்டுவரை காத்திராமல், இப்போதே விருப்பமான பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு எழுதி, "இப்பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பட்டம் முதுநிலைச் சேர்க்கைக்கு ஏற்கப்படுமா?" என்று கேட்டல் வேண்டும். விடையை எழுத்தில் பெறுதல் வேண்டும். தொலைபேசியில் கிடைக்கும் விடை பின்னர் எவரையும் கட்டுப்படுத்தாது.

பள்ளிக் கல்வி ஆண்டுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய முறையில் மியன்மார் மாணவர் மழலை வகுப்பையும் சேர்த்து 11 ஆண்டுகளில் மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதினர். 2016இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் மழலை வகுப்புக்குப் பின் 12 ஆண்டுகள் என மாற்றியது. பழைய முறையில் தேறியோரிடம் சில நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஓராண்டு அடித்தளப் படிப்பைக் கேட்பதுண்டு. அவ்வாறு கேட்கப்படும் இடத்தில், இங்கே பல்கலைக்கழகத்தில் பயின்ற முதலாண்டின் மதிப்பெண் பட்டியல் அதற்கு ஈடாகுமா என்று வினவலாம். வீணாயிற்று என எண்ணிய ஆண்டு அப்போது பயன்படக்கூடும்.

சிங்கப்பூர் வழி

படிப்பின் நடுவே மாறுவோருக்குச் சிங்கப்பூரின் முறை சற்றே இணக்கமானது. அங்கே பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டயம் பெற்றோர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேரும்போது, பொருத்தமான பாடங்களில் முதலாண்டின் ஒரு பகுதியிலிருந்து விலக்குப் பெற இயலும். 1980இல் தொடங்கப்பட்ட கல்விக் கட்டண மானியத் திட்டம் அயல்நாட்டு மாணவருக்கும் கட்டணத்தைக் குறைக்கிறது. அதற்கு ஈடாக, படிப்பு முடிந்தபின் மூன்றாண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் பணியாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். பிணை நிற்போரும் கையெழுத்திடுவர். ஒப்பந்தத்தை மீறினால் மானியத் தொகையுடன் கூடுதல் தொகையும் செலுத்த நேரிடும். பிணைக் கையெழுத்திடும் உறவினர் அதன் பொருளை முழுமையாக அறிந்த பின்னரே கையெழுத்திடுதல் வேண்டும். உறவுக்காகப் படிக்காமல் இட்ட கையெழுத்தும் சட்டத்தின் முன் கையெழுத்தே.

ஆவணங்களை ஒழுங்குபடுத்துதல்

நம் குடும்பங்களில் வீட்டில் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றும், தேசியப் பதிவு அட்டையில் உள்ள மியன்மார்ப் பெயர் ஒன்றும் இருப்பது வழக்கம். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், குடும்பப் பட்டியலில் வேறொரு பெயர், கடவுச்சீட்டில் மற்றோர் எழுத்துக்கூட்டு என அமைந்தால், மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்பதை அயல்நாட்டு அலுவலர் அறியமாட்டார். இதற்கு உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து, நோட்டரி சான்றும் ஆங்கில மொழிபெயர்ப்பும் பெறுதல் வேண்டும். வம்சாவளி உதவித்தொகை கோருவோர், பாட்டன் பாட்டியரின் பழைய இந்தியக் கடவுச்சீட்டு, அந்நியர் பதிவுச் சான்று, பிறப்பு அல்லது திருமணப் பதிவு போன்றவற்றைத் தேடி எடுத்துவைத்தல் நன்று. பெட்டியின் அடியில் கிடக்கும் அப்பழைய தாள்கள் இன்று பேரப்பிள்ளையின் கல்விக்கு ஆதாரமாகக்கூடும். கறையான் அரிக்குமுன் அவற்றின் படிகளை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மக்கள் படைப்பணிச் சட்டம் 18 முதல் 35 வயதுவரையுள்ள ஆண்களுக்கும், 18 முதல் 27 வயதுவரையுள்ள பெண்களுக்கும் பொருந்தும். அவ்வயதினர் வெளிநாட்டுப் பயணத்திற்குரிய நடைமுறைகளைக் கட்டணம் செலுத்துமுன் உறுதி செய்துகொள்ளல் வேண்டும். திரும்பப் பெற இயலாத முன்பணத்தை முதலில் செலுத்திவிட்டுப் பின்னர் அனுமதி தேடுவது பேரிழப்புக்கு வழிவகுக்கும்.

கட்டணம் மட்டுமே செலவன்று

1920 டிசம்பர் 1ஆம் நாள் ரங்கூன் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதற்கு முன் ரங்கூன் கல்லூரி மாணவர்கள் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளையே எழுதினர். சொந்த மண்ணில் பல்கலைக்கழகம் அமைந்தது மகிழ்ச்சிக்குரியதே. எனினும், அதே வாரத்தில் மாணவர்கள் அதற்குரிய சட்டத்தை எதிர்த்து வகுப்புகளைப் புறக்கணித்தனர். அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று, மாணவர் கட்டாயம் வளாகத்திலேயே தங்கிப் படிக்க வேண்டும் என்னும் விதி ஏழைகளுக்குக் கதவடைக்கும் என்பதாகும். அந்நிகழ்வின் நினைவாகவே மியன்மாரில் தேசிய நாள் கொண்டாடப்படுகிறது. தங்குமிடச் செலவு கல்விக் கட்டணத்தைவிடப் பெரிய தடையாகலாம் என்பதை இந்நகரத்து மாணவர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர். இன்றும் உதவித்தொகைக் கடிதம் கைக்கு வந்தவுடன் செலவு தீர்ந்ததென எண்ணலாகாது. விசா, மருத்துவக் காப்பீடு, விமானப் பயணம், முதல் மாதப்படி கைக்கு வரும்வரையிலான வாழ்க்கைச் செலவு ஆகியவற்றுக்கும் சேமிப்பு வேண்டும்.

செய்ய வேண்டிய வரிசை இதுவாகும். முதலில், படித்த ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் ஆங்கிலத்தில் பெறுக. அடுத்து, அவை ஏற்கப்படுமா எனப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டறிக. பின்னர், எந்த வகைக் கட்டணம் விதிக்கப்படும் என்பதை உறுதி செய்க. அதன்பின், மெர்ச்சன்ட் தெருவிலுள்ள இந்தியத் தூதரகத்தின் அல்லது உரிய நாட்டுத் தூதரகத்தின் அவ்வாண்டு அறிவிப்பைப் பார்த்து, இறுதி நாளுக்கு முன் விண்ணப்பம் அனுப்புக. திட்டங்களின் தொகையும் தகுதியும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. சென்ற ஆண்டு அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது இவ்வாண்டும் அவ்வாறே கிடைக்கும் எனக் கொள்ளலாகாது. எல்லாம் உறுதியான பின்னரே இங்குள்ள படிப்பை விடுக. அதுவரை தேர்வுகளைத் தவறாமல் எழுதிவருதல் வேண்டும். மாறிச் செல்ல விரும்பும் மாணவருக்குக் கைவசமிருக்கும் உறுதியான செல்வம், இங்கே இதுவரை படித்துத் தேறிய ஆண்டுகளே.